பழ சாலட் ஏன் தண்ணீர் விடுகிறது, புதினா ஏன் கறுக்கிறது

கேள்வியை முதலில் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். மகளின் பிறந்தநாளுக்கு 25 பேருக்குப் பழ சாலட் செய்திருக்கிறீர்கள். காலை பத்து மணிக்கே தர்பூசணி, பப்பாளி, அன்னாசி, ஆப்பிள், வாழைப்பழம், மாதுளை எல்லாவற்றையும் நறுக்கி, தேனும் எலுமிச்சைச் சாறும் ஊற்றி, பொடியாக அரிந்த புதினாவையும் துளசியையும் தூவி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டீர்கள். மாலை ஐந்து மணிக்கு எடுத்தால் பாதிப் பாத்திரம் தண்ணீர். ஆப்பிளும் வாழைப்பழமும் பழுப்பு, புதினா கறுப்பு. மீந்ததில் கஸ்டர்ட் ஊற்றி வைத்தது மறுநாள் கசந்துவிட்டது. கடைசியில், கோடைக்கு ஏற்ற மாதிரி பச்சிலை சேர்த்த நல்ல ரெசிபி ஒன்று வேண்டும் என்று முடித்திருக்கிறீர்கள்.

ரெசிபி தருகிறேன். ஆனால் உங்களிடம் இருந்த பழங்களிலும் அளவிலும் பெரிய குறை எதுவும் இல்லை. காலை பத்துக்கும் மாலை ஐந்துக்கும் நடுவே அந்தப் பாத்திரத்துக்குள் என்ன நடந்தது என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்டிருக்கும் கேள்வி. அது தெரிந்துவிட்டால் எந்தப் பழத்தையும் எந்த இலையையும் வைத்து நீங்களே செய்துகொள்ளலாம்.

நான் கேட்டரிங் படித்துவிட்டுப் பதினோரு வருடம் ஓட்டலில், அதிலும் பெரும்பாலும் சாலட், பழம், இனிப்பு என்று அடுப்பில்லாத பக்கத்தில் வேலை பார்த்தவன். இப்போது திருச்சியில் சொந்தமாக விருந்துச் சமையல் எடுத்துச் செய்கிறேன். நீங்கள் செய்த அதே தப்பை நான் நானூறு பேருக்குச் செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு கல்யாண வரவேற்பு. எட்டு மணிப் பந்திக்கு நான்கு மணிக்கே பழத்தை வெட்டிச் சர்க்கரையைக் கலந்து, சீக்கிரம் வேலையை முடித்துவிட்ட பெருமையில் நின்றுகொண்டிருந்தேன். தலைமைச் சமையல்காரர் வந்து கரண்டியைவிட்டு ஒரு துழாவு துழாவினார். “தம்பி, இதுக்கு ஸ்பூன் வேண்டாம், டம்ளர் எடுத்து வை” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. தர்பூசணியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான். அது சின்னச் சின்னச் செல்களுக்குள் அடைபட்டிருக்கிறது. கத்தி பட்ட இடத்தில் செல்கள் உடைந்து கொஞ்சம் வடியும், அதைத் தடுக்க முடியாது. அதன்மேல் சர்க்கரையோ தேனோ உப்போ விழுந்தால் கதையே மாறிவிடும். வெளியே இனிப்போ உப்போ கெட்டியாக இருந்தால், உடையாத செல்லுக்குள் இருக்கும் தண்ணீரும் அதை நோக்கி வெளியேறும். மாங்காயில் உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தால் மறுநாள் ஜாடியில் தண்ணீர் நிற்கிறதே, அதே வேலைதான். தேனை ஊற்றினால் வடியாது என்று சிலர் நம்புகிறார்கள். தேனில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரைதான், அதனால் அதுவும் இழுக்கத்தான் செய்யும்.

பழனி பஞ்சாமிர்தம் மட்டும் ஏன் இப்படி ஆவதில்லை என்று ஒரு தடவை என் உதவிப் பையன் கேட்டான். நல்ல கேள்வி. அங்கே சேர்வது நீர் குறைந்த மலை வாழைப்பழம், விருப்பாச்சி போல. அதைத் துண்டாக விடாமல் பிசைந்துவிடுகிறார்கள். வெளியே வருகிற நீரையெல்லாம் வெல்லமும் கற்கண்டும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. ஒரு சொட்டுத் தண்ணீர் தனியாகச் சேர்ப்பதில்லை. அதனால்தான் அது நாள் கணக்கில் கெடாமல் இருக்கிறது. நாம் செய்ய நினைப்பது அதற்கு நேர் எதிர். துண்டு துண்டாக நிற்க வேண்டும், கடித்தால் சாறு வாய்க்குள் வர வேண்டும், பாத்திரத்துக்குள் அல்ல.

ஆகவே முதல் விதி: இனிப்பும் உப்பும் புளிப்பும் பரிமாறுவதற்குப் பத்து நிமிடம் முன்னால்தான் பழத்தின்மேல் விழ வேண்டும். அந்தப் பத்து நிமிடம் வேண்டும், ஏனென்றால் கொஞ்சம் சாறு வந்தால்தான் பாகோடு கலந்து பழத்தைச் சுற்றி ஒட்டும். அரை மணி தாண்டினால் குளம். இரண்டாவது, துண்டு பெரிதாக இருக்கட்டும். இரண்டு சென்டிமீட்டர் கட்டி ஒன்றை ஒரு சென்டிமீட்டர் கட்டிகளாக வெட்டினால் எட்டுத் துண்டு கிடைக்கும், வெட்டுப்பட்ட பரப்பு இரண்டு மடங்காகிவிடும், வடிகிற வழியும் அந்த அளவுக்குக் கூடும். கல்யாண வீட்டுச் சாலட்டில் பழத்தைக் கடுகு போல அரிவார்கள், கரண்டிக்கு நிறைய வரட்டும் என்று. அந்த அரிவுக்குக் கஸ்டர்ட் வேண்டும். கஸ்டர்ட் இல்லாத சாலட்டுக்கு அது ஒத்துவராது. மூன்றாவது, தர்பூசணியை மற்றப் பழங்களோடு முன்கூட்டிச் சேர்க்காதீர்கள். வெட்டி ஒரு வடிதட்டில் போட்டு, கீழே கிண்ணம் வைத்து ஃப்ரிட்ஜில் தனியாக இருக்கட்டும். கிண்ணத்தில் சேர்கிற சாறு வீணாகாது, அதற்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

பழுப்பு நிறம் வேறு விஷயம். ஆப்பிள், வாழை, பேரிக்காய் இவற்றை வெட்டினால் உள்ளே இருக்கும் ஒரு நொதி காற்றோடு சேர்ந்து நிறத்தை மாற்றுகிறது. எலுமிச்சைச் சாறு அதைத் தாமதப்படுத்தும். புளிப்பில் அந்த நொதி மந்தமாகிவிடும், சாற்றில் இருக்கும் வைட்டமின் சி-யும் உதவும். ஆனால் தாமதப்படுத்துமே தவிர, ஏழு மணி நேரம் காத்து நிற்காது. என் யோசனை வேறு: மே மாதத்தில் ஆப்பிளே வேண்டாம். காஷ்மீரிலும் இமாசலத்திலும் ஆப்பிள் அறுவடை பெரும்பாலும் ஜூலையிலிருந்து அக்டோபர் வரை. கோடையில் நம் கடைக்கு வருகிற உள்நாட்டு ஆப்பிள் மாதக் கணக்கில் குளிர்கிடங்கில் இருந்தது. மாம்பழமும் நுங்கும் குவிந்து கிடக்கிற மாதத்தில் அதற்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? வாழைப்பழம் வேண்டுமென்றால் பரிமாறும்போது அரிந்து போடுங்கள், அவ்வளவுதான்.

இனி இலை. உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், பெரும்பாலானவர்கள் தப்பு செய்கிற இடமும் இதுதான். புதினாவைக் கொத்துமல்லிச் சட்னிக்கு அரிவது போலப் பொடியாக அரிகிறோம். வாசனை நன்றாக இறங்கட்டும் என்ற நினைப்பு. ஆனால் புதினா, துளசி வகை இலைகளில் வாசனை எண்ணெய் இலைக்குள் ஆழத்தில் இல்லை. மேல்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத சின்னப் பைகளில் இருக்கிறது. இலையை லேசாக விரலால் தடவி முகர்ந்து பாருங்கள், கிழிக்காமலே கை மணக்கும். அந்தப் பைகள் உடைய ஒரு தட்டு போதும். இலையை உள்ளங்கையில் வைத்து மறு கையால் ஒரு தடவை அறைந்துவிட்டு, பெரிய இலையானால் இரண்டாகக் கிள்ளிப் போடுங்கள். மழுங்கிய கத்தியால் கொத்தினால் இலையின் சதை நசுங்கி, ஆப்பிளைப் பழுப்பாக்கியதே அதே மாதிரி நொதி இங்கேயும் வேலை செய்து இலையைக் கறுக்க வைக்கும். பச்சைப் புல் வாடையும் வரும். அதன்மேல் எலுமிச்சைச் சாறு வேறு பட்டால், புளிப்பில் இலையின் பச்சை நிறமே கொஞ்சம் கொஞ்சமாகப் மங்கிய பழுப்புப் பச்சை நிறத்துக்கு மாறும். உங்கள் புதினாவுக்கு இந்த இரண்டு அடியும் சேர்ந்து விழுந்திருக்கிறது. அரிந்தே ஆக வேண்டுமென்றால், ஈரம் துடைத்த இலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பீடி போலச் சுருட்டி, நல்ல கூரான கத்தியால் ஒரே வெட்டாக நூல் நூலாக வெட்டுங்கள். திரும்பத் திரும்பக் கொத்தாதீர்கள்.

புதினா வாயைக் குளிர வைக்கிறது என்று சொல்கிறோம். வாயின் வெப்பம் உண்மையில் குறைவதில்லை. மென்தால் என்ற பொருள் குளிரை உணர்கிற நரம்பு முனைகளைத் தூண்டிவிடுகிறது, மூளை அதைக் குளிர் என்று எடுத்துக்கொள்கிறது. உடல் வெப்பத்தையும் தொடுதலையும் எப்படி உணர்கிறது என்று கண்டுபிடித்ததற்காக டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூஷியன் இருவருக்கும் 2021-இல் மருத்துவ நோபல் கிடைத்தது. குளிர் உணரியைக் கண்டுபிடிக்க இருவருமே பயன்படுத்தியது இந்த மென்தாலைத்தான். வேடிக்கை என்னவென்றால், நம் சந்தையில் கட்டுக் கட்டாக விற்கும் புதினா பெரும்பாலும் மென்தால் குறைவான வகை. அதன் மணத்துக்குக் காரணம் கார்வோன் என்ற வேறு பொருள். மென்தால் நிறைந்த வகை உத்தரப் பிரதேசத்தில் பாராபங்கிப் பக்கம் எண்ணெய் எடுக்கப் பயிராகிறது. நம் புதினா மிட்டாய் அளவுக்குச் சில்லென்று இருக்காது. அதுவே சாலட்டுக்கு நல்லது, பழத்தின் மணத்தை அமுக்காது.

துளசியை நீங்கள் சேர்த்தது எனக்குக் கொஞ்சம் சங்கடம். துளசியில் கிராம்பின் மணத்துக்குக் காரணமான அதே பொருள் நிறைய இருக்கிறது. இரண்டு இலை என்றால் அழகு, ஒரு பிடி என்றால் பல்வலிக்குக் கிராம்புத் தைலம் தடவிய மாதிரி ஆகிவிடும். அதோடு சில வீடுகளில் துளசியைத் தீர்த்தத்தில் பார்த்துவிட்டுச் சாலட்டில் பார்க்க மனம் ஒப்பாது, விருந்தாளிகளைத் தெரிந்து செய்யுங்கள். பழத்துக்கு என் முதல் தேர்வு திருநீற்றுப்பச்சை. சில ஊர்களில் துன்னூத்துப்பச்சிலை என்பார்கள். சப்ஜா விதை இந்தச் செடியின் விதைதான். வெளிநாட்டுச் சமையலில் பேசில் என்று சொல்கிறார்களே, அதுவும் இதே இனம். லேசாகச் சோம்பு வாசனை வரும், மாம்பழத்தோடும் முலாம்பழத்தோடும் அப்படி ஒட்டும். பூக்கடையில் வாங்க வேண்டாம், அது தின்பதற்காக வளர்த்தது அல்ல. ஒரு ஸ்பூன் சப்ஜா விதையைத் தொட்டியில் தூவினால் மாசி மாதம் போட்டது சித்திரையில் கைக்கு வந்துவிடும்.

இதில் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. புதினாவையும் கொத்துமல்லியையும் ஃப்ரிட்ஜில் வைக்கலாம். ஈரத்தைத் துடைத்துவிட்டுத் துணியில் சுற்றி டப்பாவில் வைத்தால் நான்கைந்து நாள் தாங்கும். திருநீற்றுப்பச்சையை வைத்தால் ஒரே இரவில் புள்ளி புள்ளியாகக் கறுத்துவிடும். பத்து டிகிரிக்குக் கீழே போனாலே அந்தச் செடிக்கு ஆகாது. காம்போடு கிள்ளி ஒரு டம்ளர் தண்ணீரில் பூங்கொத்து போல வெளியே நிறுத்திவையுங்கள். துளசிக்கும் அதையேதான் நான் செய்கிறேன்.

மற்ற இலைகளைப் பற்றிச் சொல்வது என் நாக்கின் தீர்ப்பு மட்டும். கொத்துமல்லித் தழை அன்னாசியோடும் அரைப்பழமான கிளிமூக்கு மாங்காயோடும் பிரமாதம். ஆனால் சிலருக்குப் பிறவியிலேயே அது சோப்பு போல மணக்கும், ஆகவே பொது விருந்தில் தனியாக வைப்பேன். கற்பூரவள்ளி எனக்குச் சளி மருந்தைத்தான் நினைவூட்டுகிறது, பழத்துக்கு வேண்டாம். எலுமிச்சைப்புல் நார், மெல்ல முடியாது, பாகில் கொதிக்கவிட்டு எடுத்துவிட வேண்டும். கொழுந்து வெற்றிலையை நூல் போல அரிந்து கொய்யாவோடு ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். எனக்குப் பிடித்தது, என் மனைவிக்குப் பிடிக்கவில்லை.

கஸ்டர்ட் கசந்த கதைக்கு வருகிறேன். இதற்குக் காரணம் அன்னாசியும் பப்பாளியும். இரண்டிலும் புரதத்தை உடைக்கிற நொதி இருக்கிறது. கறி வேகப் பப்பாளிக்காயைத் தேய்க்கிறோமே, அதே சங்கதி. பழுத்த பப்பாளியில் அது காயைவிடக் குறைவு, ஆனால் இல்லாமல் போவதில்லை. பாலில் இருக்கும் புரதம் உடையும்போது கசப்பான துணுக்குகள் உண்டாகின்றன. ஒரு மணி நேரத்தில் அவ்வளவாகத் தெரியாது, ஓர் இரவு வைத்தால் வாயில் வைக்க முடியாது. தயிர், ஐஸ்கிரீம், பால்கோவா எதோடு சேர்த்து வைத்தாலும் இதே கதி. வழி சுலபம்: அன்னாசியைச் சர்க்கரைப் பாகில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்துப் போடுங்கள், சூட்டில் நொதி செத்துவிடும். டின்னில் வரும் அன்னாசி கசக்காததற்கும் அதுதான் காரணம். பப்பாளியை வேகவைத்தால் நன்றாக இராது. பால் சேர்க்கிற சாலட்டில் அதை விட்டுவிட்டு மாம்பழம், வாழை, சப்போட்டா, திராட்சை, மாதுளை போதும். இதே நொதியால்தான் பச்சை அன்னாசி போட்ட ஜெலட்டின் ஜெல்லி உறையாமல் தண்ணீராகவே நிற்கும். சைனா கிராஸ் போட்டால் உறைந்துவிடும். அது கடல்பாசியிலிருந்து வருவது, புரதம் அல்ல, நொதி அதை ஒன்றும் செய்யாது.

சாத்துக்குடி சேர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிழிந்து வைத்த சாத்துக்குடிச் சாறு நேரம் போகப் போகக் கசக்கும், பிழியும்போது கசக்காதது பிறகு கசக்கும். விதையும் வெள்ளைத் தோலும் நசுங்கினால் இன்னும் மோசம். சுளையைத் தோலுரித்துக் கடைசியில் சேருங்கள்.

சரி, ரெசிபி. எட்டுப் பேருக்கு. நான் ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை செய்வது இது. தோல் நீக்கிய தர்பூசணி 600 கிராம், கிர்ணிப்பழம் 400 கிராம், கெட்டியாகப் பழுத்த பங்கனப்பள்ளி மாம்பழம் இரண்டு, இளம் நுங்கு ஆறு சுளை, வெள்ளரிப்பிஞ்சு இரண்டு, மாதுளை பாதி. மாம்பழத்தில் மல்கோவாவையோ இமாம்பசந்தையோ இதில் போடாதீர்கள். அவை அவ்வளவு குழைவு, துண்டாக நிற்காது, தனியாக உட்கார்ந்து தின்ன வேண்டியவற்றைச் சாலட்டில் போடுவது அவற்றை அவமதிப்பது மாதிரி. வெடித்துப் பழுக்கும் வெள்ளரிப்பழமும் அப்படித்தான். மாவு மாதிரி உதிரும், அதற்கு நாட்டுச்சர்க்கரைதான் சரியான துணை. வெள்ளரிப்பிஞ்சை ஒவ்வொன்றாக ஒரு துண்டு வாயில் போட்டுப் பாருங்கள். கசந்தால் அந்தக் காயைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், உப்பைத் தேய்த்துச் சரிசெய்யலாம் என்று பார்க்க வேண்டாம்.

நுங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விரலால் அழுத்தினால் அமுங்கித் திரும்புகிற, உள்ளே தண்ணீர் குலுங்குகிற பருவம்தான் வேண்டும். முற்றியது தேங்காய் போல ஆகி வயிற்றிலும் கனக்கும். மேலே இருக்கும் பழுப்புத் தோல் துவர்க்கும், உரித்துவிடுங்கள். உரித்த கையோடு பயன்படுத்துங்கள், வெயிலில் இரண்டு மணி நேரம் இருந்தாலே வழவழவென்று புளிக்கத் தொடங்கிவிடும். நுங்குக்குத் தனிச் சுவை என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஆனால் பக்கத்தில் இருக்கும் புதினா, இஞ்சி, எலுமிச்சை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு சில்லென்று வழுக்கிக்கொண்டு போகும். கோடைச் சாலட்டில் அது இருந்தால் மற்றவை குறைந்தாலும் பரவாயில்லை.

பாகுக்கு மூன்று மேசைக்கரண்டிச் சர்க்கரை, அதே அளவு தண்ணீர், நசுக்கிய சின்னத் துண்டு இஞ்சி, ஒரு தண்டு எலுமிச்சைப்புல். சர்க்கரை கரைந்து ஒரு கொதி வந்ததும் இறக்கி மூடி வையுங்கள். ஆறியபின் வடிகட்டிக் குளிரவைத்துக்கொள்ளுங்கள். நாட்டுச்சர்க்கரை போட்டாலும் சுவை நன்றாகவே இருக்கும், பழத்தின் நிறம்தான் மங்கும். பரிமாறப் பத்து நிமிடம் இருக்கும்போது இந்தப் பாகில் இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, கால் தேக்கரண்டி உப்பு, ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு கொஞ்சம். எலுமிச்சைத் தோலின் மேல்நிறத்தை மட்டும் லேசாகத் துருவிப் போட்டால் மணம் இரட்டிப்பாகும், கீழே இருக்கும் வெள்ளைக்குப் போய்விடாதீர்கள். உப்பை விட்டுவிடாதீர்கள். கசப்பை நாக்கு உணர்வதை உப்பு குறைக்கும், அதனால் இனிப்பு மேலே எழும். மெரினாவில் மாங்காய்க்கும் அன்னாசிக்கும் உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் கொடுப்பவர்களுக்கு இதை யாரும் பாடம் எடுக்கவில்லை.

ஒரு தேக்கரண்டி சப்ஜா விதையைக் கால் மணி நேரம் ஊறவையுங்கள். வடிதட்டின் கீழே சேர்ந்த தர்பூசணிச் சாற்றிலேயே ஊறவைப்பது என் வழக்கம், அதற்காகத்தான் அந்தச் சாற்றை எடுத்து வைக்கச் சொன்னேன். விதை வழுவழுப்பாக உப்பி, வடிகிற சாற்றையும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். அகலமான பாத்திரத்தில் பழங்கள், மேலே பாகு, சப்ஜா, நுங்கு. கையால் அடியிலிருந்து இரண்டு புரட்டு. அப்புறம் இருபது புதினா இலை, பத்துத் திருநீற்றுப்பச்சை இலை, தட்டிக் கிள்ளிப் போட்டு இன்னும் ஒரு புரட்டு. முடிந்தது.

முன்கூட்டியே இலை வாசனை ஏற்றிவைக்க வேண்டுமென்றால் ஒரு வழி இருக்கிறது. புதினாவைக் கொதிக்கிற தண்ணீரில் பத்து விநாடி முக்கி உடனே ஐஸ் தண்ணீரில் போடுங்கள். கறுக்க வைக்கிற நொதி அடங்கி நிறம் நிற்கும். பிழிந்து, ஆறிய பாகோடு அரைத்து வடிகட்டினால் பச்சைப் பசேலென்று புதினாப் பாகு. எலுமிச்சையை மட்டும் கடைசியில் சேருங்கள். பச்சை இலையின் உயிர்ப்பு இதில் கொஞ்சம் குறையும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

குளிர்ச்சியும் அளவோடு இருக்கட்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த மறு நொடியில் நாக்குக்கு இனிப்பு சரியாகத் தெரியாது, மணமும் எழாது. அதனால்தான் ஃப்ரிட்ஜ் பழத்துக்குச் சர்க்கரை போதவில்லை என்று அள்ளிப் போடுகிறோம். பத்து நிமிடம் வெளியே இருந்த பிறகு ருசி பாருங்கள், பிறகு முடிவு செய்யுங்கள்.

இப்போது கொஞ்சம் கண்டிப்பான பேச்சு. நறுக்கிய பழம் புளிப்பாக இருந்தால் கிருமிகள் வளரக் கஷ்டப்படும். தர்பூசணி, கிர்ணி, பப்பாளி மூன்றிலும் புளிப்பு மிகக் குறைவு, ஆகவே இவை பாலைப் போல எளிதில் கெடக்கூடியவை. வெட்டிய முலாம்பழ வகைகளை 5 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே வைக்க வேண்டிய பொருளாகவே அமெரிக்க உணவுப் பாதுகாப்பு விதிகள் கருதுகின்றன. 2011-இல் அங்கே கொலராடோவிலிருந்து போன முலாம்பழத்தால் லிஸ்டீரியா கிருமி பரவி 33 பேர் இறந்தார்கள். தோலில் இருப்பது கத்தி வழியாக உள்ளே இறங்கும். தோலைச் சீவப் போகிறோமே என்று கழுவாமல் வெட்டாதீர்கள். கிர்ணியின் சொரசொரப்பான தோலை ஓடும் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவித் துடைத்துவிட்டு வெட்டுங்கள். வெட்டிய பழம் சாதாரண வெப்பத்தில் இரண்டு மணி நேரம், 32 டிகிரிக்கு மேல் போனால் ஒரு மணி நேரம், அதற்குமேல் வெளியே இருந்தால் தூக்கிப்போடு என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. திருச்சி மே மாதத்தில் அந்த ஒரு மணி நேரத்தைத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். இலைகளையும் மண் போக மூன்று தண்ணீரில் அலசுங்கள், இவற்றை வேகவைக்கப் போவதில்லை என்பதை மறக்க வேண்டாம். கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பதற்கு நம் நாட்டில் தடை இருக்கிறது, எத்திலீன் வாயுவுக்கு அனுமதி உண்டு. ஆகவே அறையில் பழுக்கவைத்தது என்றாலே விஷம் என்று பயப்பட வேண்டாம். மணமே இல்லாமல் மேலே மட்டும் மஞ்சளாக, உள்ளே வெள்ளையாக இருக்கும் மாம்பழத்தை நான் வாங்க மாட்டேன், குறைந்தபட்சம் ருசி இருக்காது.

பாலும் பழமும் சேர்ந்தால் உடம்புக்கு ஆகாது என்று ஒருவர் உங்களுக்கு ஏற்கெனவே பதில் போட்டிருக்கிறார். ஆயுர்வேதத்தில் சில பழங்களைப் பாலோடு ஒவ்வாத சேர்க்கை என்று சொல்வது உண்மைதான். சமையல்காரனாக நான் உறுதியாகச் சொல்லக்கூடியது, புளிப்பில் பால் திரியும், நொதியில் கசக்கும் என்பது வரைக்கும்தான். திரிந்த பால் விஷம் அல்ல, பால் எப்படியும் வயிற்றுக்குள் போய்த் திரியத்தான் போகிறது. ஒருவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அவர் தவிர்க்கட்டும். சர்க்கரை நோய்க்கு எவ்வளவு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எந்தப் பழம் என்பதெல்லாம் மருத்துவர் சொல்ல வேண்டியது, என்னிடம் கேட்காதீர்கள். ஒன்று மட்டும்: அழகுக்காக நட்சத்திரப் பழத்தை அரிந்து மேலே வைக்கும் வழக்கம் இருக்கிறது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது மூளையைத் தாக்கும் நஞ்சாகும். விருந்தாளிகளின் உடல்நிலை தெரியாத இடத்தில் நான் அதை வைப்பதில்லை.

அடுத்த பிறந்தநாளுக்கு 25 பேர் என்றால் ஆளுக்கு 150 கிராம் கணக்கில் நறுக்கிய பழம் நான்கு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக வேண்டும். தோல், கொட்டை போவதைச் சேர்த்து ஆறு ஏழு கிலோவாக வாங்குங்கள். முதல் நாள் இரவே பாகு காய்ச்சி, பழங்களைக் கழுவித் துடைத்து முழுசாகவே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். தர்பூசணி நடுவரை குளிர ஓர் இரவு ஆகும். மாம்பழம் பழுத்த பிறகுதான் உள்ளே போக வேண்டும், காயாகப் போனால் அப்படியே நின்றுவிடும். மூன்று மணிக்கு வெட்டத் தொடங்கி, பழத்துக்கு ஒரு டப்பாவாகத் தனித்தனியாக மறுபடி குளிரில் வையுங்கள். நாலரைக்கு இலையைக் கழுவித் துணியில் விரியுங்கள், நுங்கை உரியுங்கள். நாலு ஐம்பதுக்குப் பாதிப் பழத்தை மட்டும் கலந்து முதல் ஆட்களுக்குக் கொடுங்கள். மீதியைக் கலக்காமல் ஃப்ரிட்ஜிலேயே வைத்திருந்து, லேட்டாக வருகிறவர்களுக்கு அப்போது கலந்துகொள்ளலாம். கலக்காமல் மிஞ்சிய பழம் மறுநாள் காலைவரை நன்றாக இருக்கும். கலந்து குளிரிலேயே வைத்திருந்து மிஞ்சினால், இலையைப் பொறுக்கி எடுத்துவிட்டு மிக்ஸியில் ஒரு சுற்று, குச்சி ஐஸ் அச்சில் ஊற்றி உறையவிடுங்கள். மேஜையில் மணிக்கணக்கில் இருந்ததை அப்படிச் செய்யாதீர்கள், உறையவைத்தால் கிருமி சாகாது.